என் ஆய்வு செய்தியானபோது: எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயங்கள்

நான் மறதி நோய் பற்றி ஆய்வு செய்பவள். அல்சைமர் வந்தவர்களின் மூளையில் என்ன நடக்கிறது, அதைக் கொஞ்சமாவது தள்ளிப்போட முடியுமா என்று தேடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்டுரை ஒன்று ஆய்விதழில் வெளியானது. அது செய்தியானது. அதற்குப் பிறகு பல மாதங்கள் ஆய்வகத்தில் உருப்படியாக ஒரு வேலையும் ஓடவில்லை. என் சேமிப்பில் ஒரு நல்ல பங்கு வக்கீலுக்குப் போனது. தூக்கம் கெட்டது. எல்லாவற்றையும்விட, நம்பிக்கையோடு ஃபோன் செய்தவர்களிடம் "அப்படி ஒரு மருந்து இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோங்கள் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நானும் அதை மனதார நம்புகிறேன். ஆனால் கொண்டுபோன மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இளம் ஆய்வாளர்கள் யாராவது இதைப் படித்தால், நான் தனியாகப் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்குக் குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுண்டெலிகளுக்கு இயற்கையாக அல்சைமர் வருவதில்லை. அதனால் மனிதர்களில் பரம்பரை அல்சைமரை உண்டாக்கும் மரபணு மாற்றத்தை எலிகளுக்குள் புகுத்தி வளர்க்கிறார்கள். அந்த எலிகளின் மூளையில் அமிலாய்டு புரதம் படியும், நினைவு தடுமாறும். அப்படிப்பட்ட எலிகளுக்குச் சில தாவரங்களில் இருக்கும் ஒரு வேதிப்பொருளைச் சுத்திகரித்து ஊசி மூலம் கொடுத்தோம். அப்புறம் நீந்த விட்டோம். ரிச்சர்ட் மாரிஸ் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனை அது. வட்டமான தொட்டியில் நீரைக் கலங்கலாக்கி, மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன மேடையை மறைத்து வைப்பார்கள். எலிக்கு நீந்தத் தெரியும், ஆனால் பிடிக்காது. சுவரில் ஒட்டியிருக்கும் அடையாளங்களைப் பார்த்து, நேற்று மேடை எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு அங்கே போய் ஏறிக்கொள்ளும். ஊசி போட்ட எலிகள் போடாதவற்றைவிடச் சில நொடிகள் முன்னதாக மேடையைக் கண்டுபிடித்தன. அவ்வளவுதான் எங்கள் கண்டுபிடிப்பு. எங்களுக்கு அது பெரிய சந்தோஷம், ஏனென்றால் அடுத்து எந்தப் பக்கம் தேடலாம் என்று அது காட்டியது. ஒரு நோயாளிக்கு அதில் அன்றைய தேதியில் எதுவும் இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டதும் நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து செய்திக்குறிப்பின் வரைவு வந்தது. படித்துத் திருத்தி அனுப்பினேன். முதல் வாக்கியத்திலேயே சுண்டெலிகள் என்று இருக்க வேண்டும், நினைவை "மீட்கிறது" என்ற சொல் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். வெளியே போனது வேறொரு வடிவம். தலைப்பில் "புதிய நம்பிக்கை" இருந்தது, முதல் பத்தியில் தாவரப் பொருள் நினைவாற்றலை மீட்கிறது என்று இருந்தது. எலி ஐந்தாவது பத்தியில்தான் வந்தது. அந்தக் குறிப்பைப் பல இடங்களில் அப்படியே போட்டார்கள். சில இடங்களில் இடம் போதாமல் கீழிருந்து வெட்டினார்கள். கீழே இருந்ததுதான் எலி. இரண்டு நாள் கழித்து "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்போடு என் புகைப்படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது எல்லாக் கோபமும் பத்திரிகைக்காரர்கள் மேல்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து படித்தபோது வேறு படம் தெரிந்தது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் ஒரே வருடத்தில் வெளியிட்ட உடல்நலம் தொடர்பான 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரை, செய்திக்குறிப்பு, வெளியான செய்தி மூன்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். விலங்குகளில் கண்டதை மனிதர்களுக்கும் பொருந்துவதுபோல மிகைப்படுத்திய குறிப்புகள் 36 சதவீதம். செய்திக்குறிப்பு அப்படி மிகைப்படுத்தியிருந்தால் 86 சதவீதச் செய்திகளும் மிகைப்படுத்தின. குறிப்பு அளவோடு இருந்தால் 10 சதவீதச் செய்திகள் மட்டுமே அப்படிச் செய்தன. அதாவது மிகை பெரும்பாலும் செய்தி அறையில் பிறப்பதில்லை, நம் வீட்டிலிருந்தே கிளம்புகிறது. இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. மிகைப்படுத்தினால் அதிகப் பத்திரிகைகள் போடும் என்பதற்குச் சான்று ஏதும் பெரிதாகக் கிடைக்கவில்லை. இதை அச்செடுத்து அடுத்த கட்டுரை வரும்போது தகவல் தொடர்புப் பிரிவின் மேசையில் வைத்தேன். வாதாடுவதைவிட அது நன்றாக வேலை செய்தது. "சுவாரசியமாக இல்லையென்றால் யாரும் போட மாட்டார்கள்" என்று உங்களிடமும் சொல்வார்கள். அந்த நேரத்தில் இந்த எண்கள் கையில் இருக்கட்டும்.

இதிலிருந்து நடைமுறையில் செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன். கட்டுரையின் தலைப்பிலேயே "சுண்டெலிகளில்" என்று போட்டுவிடுங்கள். அல்சைமர் பற்றிய எலி ஆய்வுகள் 623ஐ எடுத்துப் பார்த்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வாளர்கள் தலைப்பில் எலியைச் சொல்லாமல் விட்டால் செய்தித் தலைப்புகளும் அதை விட்டுவிடும் போக்கு அதில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்து, செய்திக்குறிப்பின் இறுதி வடிவம், தலைப்பு உட்பட, என் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் வெளியே போகாது என்று முன்பே மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அவசரத்தில் மறந்துவிடும், அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்காது. மூன்றாவது, எந்த எச்சரிக்கையையும் குறிப்பின் கடைசியில் வைக்காதீர்கள். ஒரு செய்தி ஒவ்வொரு கை மாறும்போதும் கீழிருந்துதான் வெட்டுகிறார்கள். எந்த வாக்கியம் போனால் அர்த்தம் மாறிவிடுமோ அது முதல் வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும், பிரித்தெடுக்க முடியாதபடி. நிருபரிடம் பேசும்போது தலைப்பை அவர் எழுதுவதில்லை, மேசையில் இருக்கும் வேறொருவர் எழுதுகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் "தலைப்பு வைப்பவரிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவீர்களா?" என்று நிருபரிடமே கேட்கலாம். நான் கேட்ட நிருபர்கள் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பலர் நன்றி சொன்னார்கள்.

சரி, ஃபோன் அழைப்புகளுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். என் அலுவலக எண் நிறுவனத்தின் தளத்தில் இருந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் ஒலிக்க ஆரம்பிக்கும். மகள்கள், மருமகள்கள், கணவர்கள், சில சமயம் நோய் தொடங்கியிருக்கும் அவர்களே. முதல் சில நாட்கள் நான் விஞ்ஞானியாகப் பதில் சொன்னேன்: "இது எலிகளில் செய்த ஆய்வு, மனிதர்களில் இன்னும் சோதிக்கவில்லை." அந்தப் பக்கம் அமைதியாகிவிடும், பிறகு ஃபோன் வைக்கப்படும். எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். ஒரு பெரியவர், மனைவிக்கு நோய் வந்து பல வருடமாகிவிட்டதாம், எடுத்தவுடனே கேட்டார்: "மேடம், மருந்து வந்துடுச்சாமே, எங்க வாங்கணும்?" நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் வைக்கவில்லை. "அப்ப அந்த எலிக்கு மட்டும் நல்லாயிடுச்சா?" என்று கேட்டார். எலிக்கும் முழுசாக நல்லாகவில்லை ஐயா, கொஞ்சம் வேகமாக வழி கண்டுபிடித்தது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அதைக் கேட்டு அவர் ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார். அப்புறம் வேறொன்று கேட்டார். மனைவி ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறாள், அதற்கு என்ன செய்வது? எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த நோயைப் பற்றி இத்தனை வருடம் படித்தவளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து அழைப்புகளைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். அநேகமாக எல்லோருக்கும் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது மருந்து பற்றியது, செய்தியால் வந்தது. இரண்டாவதுதான் அவர்கள் வீட்டில் தினமும் இருப்பது: தூங்க மாட்டேன் என்கிறார், என்னை அடிக்க வருகிறார், குளிக்க மறுக்கிறார், எனக்கு ஓய்வே இல்லை. முதல் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லி முடித்துக்கொண்டால் இரண்டாவது கேள்வி வெளியே வராது. அதனால் என் பேச்சின் வரிசையை மாற்றினேன். முதலில், யாருக்கு உடம்பு சரியில்லை, எவ்வளவு நாளாக, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பேன். அதன் பிறகு உண்மையை ஒரே வாக்கியத்தில், சுற்றி வளைக்காமல் சொல்வேன்: இந்த மருந்து மனிதர்களுக்கு இன்று இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. "இன்னும் சில வருடங்களில்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். 2002 முதல் 2012 வரை அல்சைமருக்காக மனிதர்களில் சோதனைக்கு வந்த 244 சேர்மங்களில் அனுமதி வரை போனது ஒன்றே ஒன்றுதான். எலியில் ஜெயித்ததெல்லாம் அந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. அதைத் தெரிந்துகொண்டே வருடக் கணக்குச் சொல்வது நியாயமில்லை. கடைசியாக, இப்போது டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று தவறாமல் சொல்வேன். அப்புறம் பராமரிப்பவர்களுக்கான அமைப்புகளின் முகவரியைக் கொடுப்பேன். அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் 1984இலிருந்து இயங்குகிறது. பல நாடுகளின் அல்சைமர் சங்கங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன, அதன் வழியாக அவரவர் நாட்டுச் சங்கத்தைக் கண்டுபிடிக்கலாம். மருந்துச் சோதனையில் சேர விரும்புபவர்களுக்கு கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் தளத்தைக் காட்டினேன். 2000ஆம் வருடத்திலிருந்து பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கிறது அந்தப் பதிவேடு. ஆனால் அதில் ஒரு சோதனை பதிவாகியிருப்பதாலேயே அது நல்லது, பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த அழைப்புகளால் எங்கள் ஆய்வும் மாறியது. ஃபோனில் பேசியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது நினைவு போவதைப் பற்றி அல்ல, ராத்திரியைப் பற்றித்தான். எலிகளின் நினைவை மட்டும் அளந்துகொண்டிருந்த நாங்கள் இப்போது அவை இரவும் பகலும் எப்போது நடமாடுகின்றன, எப்போது தூங்குகின்றன என்றும் பதிவு செய்கிறோம். அறிவியலை மக்களுக்கு விளக்குவது என்றால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குச் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் நடந்தது ஒரு நல்ல உதாரணம். 1986இல் கதிரியக்கத் துகள்கள் மழையோடு புல்வெளிகளில் விழுந்ததால் ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்தக் கணக்கு களிமண் நிலத்தில், அந்தத் துகள்களில் இருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் எப்படி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை வைத்துப் போட்டது. கம்ப்ரியா மலையில் இருப்பது மட்கிய தாவரங்கள் நிறைந்த கரிம மண். அங்கே சீசியம் ஒட்டாமல் மறுபடி மறுபடி புல்லுக்குள் ஏறியது. அந்த நிலமும் மந்தையும் எப்படிப்பட்டவை என்று அங்கே தலைமுறையாக ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரியும், ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012இல். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த விவசாயிகளோடு பேசி எழுதிய ஆய்வு இந்தத் துறையில் பெயர் பெற்றது. என் ஃபோனில் பேசியவர்களைப் புரிந்துகொள்ள எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

இனி, பணம் போன கதை. செய்தி வந்து சில வாரங்களில் ஒரு விற்பனைத் தளத்தில் அந்த வேதிப்பொருள் இருக்கும் ஒரு தாவரத்தின் பொடியை டப்பாவில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். என் புகைப்படம், செய்தித் துண்டு, "விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்ற வரி. நாங்கள் கொடுத்தது சுத்திகரித்த பொருள், அதுவும் ஊசி மூலம். வாயால் சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடும், மூளைக்குப் போய்ச் சேருமா என்பதே தெரியாது. எலிக்குக் கொடுத்த அளவை மனித எடைக்கு நேராகப் பெருக்கிக்கொள்ளவும் முடியாது. சின்ன உடம்பில் வளர்சிதை மாற்றம் வேகமாக நடப்பதால், மனிதருக்கான தொடக்க அளவை மதிப்பிடும்போது ஒரு கிலோ எடைக்கான எலி அளவை ஏறத்தாழ 12ஆல் வகுப்பார்கள். அந்தப் பொடிக்காரர்களின் அளவு எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதை வாங்கிய குடும்பம் ஒன்று, டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த டோனெபெசில் மாத்திரையை நிறுத்திவிட்டது. அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தாது என்பது உண்மைதான், ஆனால் சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும். சட்டென்று நிறுத்தினால் நிலைமை மோசமாகலாம். அவர்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. நோயாளியின் மகன் ஃபோனில் என் மேல் கத்தினார். என் படத்தைப் பார்த்துத்தானே வாங்கினார்கள். அன்று முழுவதும் என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

என் பெயர், என் படம், அதனால் அது உங்கள் தனிப்பட்ட விவகாரம் என்று நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். நானே வக்கீல் வைத்து நோட்டீஸ் அனுப்பினேன். ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாகச் செலவானது. அந்தத் தளம் மூடியது, அதே டப்பா வேறு பெயரில் வேறு தளத்தில் வந்தது. உண்மையில் பலன் கொடுத்தது வேறு வழி. முழுப் பக்கத்தையும் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் வேலையாக. பிறகு விற்பவரிடம் போகாமல், விளம்பரம் ஓடும் சமூக ஊடக நிறுவனத்திடமும் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்திடமும் புகார் கொடுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பதால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எழுதுங்கள். இவை எல்லாமே இலவசம். ஆய்வு வெளியாவதற்கு முன்பே, இப்படி நடந்தால் நிறுவனம் என் பின்னால் நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வைப்பது இன்னும் நல்லது.

திருத்தம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "உங்கள் செய்தி தவறு" என்று நீளமாக எழுதினால் பதில் வராது. எந்த வாக்கியம், அதற்குப் பதிலாக எந்த வாக்கியம் என்று இரண்டே வரியில் எழுதி, ஆய்வுக் கட்டுரையின் இணைப்போடு ஆசிரியர் பிரிவுக்கு அன்றே அனுப்ப வேண்டும். நிருபருக்கு நகல் போதும். எனக்கு இணையத் தலைப்பு சில இடங்களில் மாறியது. வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தை மட்டும் யாராலும் திருத்த முடியவில்லை. அதற்கு நான் கண்ட ஒரே வழி, என் பெயரைத் தேடினால் முதலில் வரும்படி ஒரு பக்கம் எழுதி வைத்ததுதான். அதில் முதல் வரி: இது சுண்டெலிகளில் செய்த ஆய்வு, இதனால் இன்று மனிதர்களுக்கு மருந்து எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து, என் பெயரில் விற்கும் எதற்கும் எனக்குத் தொடர்பில்லை. அதற்குக் கீழே பராமரிப்பவர்களுக்கான முகவரிகள். ஆய்வு விவரம் எல்லாம் அப்புறம்தான். இந்தப் பக்கத்தைக் கட்டுரை வெளியாகும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முக்கியமான ஆய்விதழ்கள் வெளியீட்டுத் தேதிக்குச் சில நாட்கள் முன்பே நிருபர்களுக்குக் கட்டுரையைக் கொடுத்துவிடும். உங்களுக்கு வேலை அப்போதே ஆரம்பித்துவிடும். அந்த வாரத்தில் வேறு எந்த முக்கிய வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்த புதுமை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 1998 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ஜூடா ஃபோக்மனின் ஆய்வு பற்றிச் செய்தி வந்தது. கட்டிகளுக்கு ரத்தக் குழாய் வளர விடாமல் தடுத்து எலிகளில் புற்றுநோயைச் சுருக்கியிருந்தார். இரண்டு வருடத்தில் ஃபோக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாக அதில் இருந்தது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று வாட்சன் பின்னர் மறுத்தார். அதற்குள் அந்த மருந்தை உருவாக்கிய நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் பல மடங்கு எகிறியது, நோயாளிகள் மருத்துவமனைக்கு ஃபோன் மேல் ஃபோன் செய்தார்கள். உங்களுக்குப் புற்றுநோய் இருந்து, நீங்கள் ஓர் எலியாகவும் இருந்தால் எங்களால் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும் என்று ஃபோக்மன் சொன்னது பிரபலம். அவருடைய அடிப்படைக் கருத்து வீண் போகவில்லை. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் 1998இல் ஃபோன் செய்த நோயாளிகளுக்கு அது பதில் இல்லை. அவர்களில் எத்தனை பேருக்கு அன்று ஒழுங்காகப் பேச ஆள் கிடைத்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மனிதர்களில் சோதித்து வெற்றி பெற்ற மருந்து பற்றிப் பேசும்போதும் கவனம் வேண்டும். லெகனெமாப் என்ற அல்சைமர் மருந்து நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்று செய்தி வந்தபோது என்னிடம் விளக்கம் கேட்டார்கள். 27 சதவீதம் என்றதும் கேட்பவர் மனதில் கால்வாசிக்கு மேல் நோய் போய்விடும் என்ற எண்ணம் வருகிறது. சோதனையில் நடந்தது இது: 18 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலில், 18 மாதங்களில், மருந்து எடுக்காதவர்கள் சராசரியாக 1.66 புள்ளி சரிந்தார்கள், எடுத்தவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள். வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டு எண்களும் உண்மைதான். ஒரு குடும்பம் பக்கவிளைவையும் செலவையும் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்றால் இரண்டாவது எண்ணும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதும் அதே மூச்சில் சொல்ல வேண்டியது. சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பொறுக்க முடிவதில்லை, அவர்கள் டாக்டராக இருந்தாலும் சரி, அமைச்சராக இருந்தாலும் சரி.

அடுத்த கட்டுரைக்கு எல்லாம் மாற்றிச் செய்தோம். தலைப்பில் சுண்டெலி இருந்தது. செய்திக்குறிப்பின் முதல் வாக்கியத்தில் சுண்டெலி இருந்தது. அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்தோம், கேள்வி பதில் பக்கம் முன்பே தயாராக இருந்தது. பத்திரிகைகள் அதையும் போட்டன, சரியாகவே போட்டன. அழைப்புகள் வந்தன, ஆனால் மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள் வெகு சிலர். பெரும்பாலானவர்கள் நேரடியாக இரண்டாவது கேள்விக்கே வந்தார்கள்.

அந்த அழைப்புகளை எடுக்கப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் பகுதி நேரமாக எங்களோடு இருக்கிறார். அவருடைய சம்பளத்தை ஆய்வு நிதி விண்ணப்பத்திலேயே தனி வரியாகக் கேட்டேன். முதல் முறை மதிப்பாய்வில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி, எத்தனை வேலை நேரம் வீணானது என்று காட்டி மறுபடி கேட்டேன், கொடுத்தார்கள். வேதிப்பொருளுக்கும் எலிக் கூண்டுக்கும் பணம் கேட்கிறோம், முடிவு வெளியானதும் வீடுகளிலிருந்து வரப்போகும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி கேளுங்கள்.